ஹெல்சின்கி: திரையிலும் தெருவிலும்

கலசதாமா நிறுத்தத்தில் 13ஆம் எண் ட்ராம் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. நிறுத்தத்து இருக்கையில் மடிக்கணினியை விரித்து உட்கார்ந்திருந்த நண்பர், "இங்க பாருங்க அண்ணே" என்று திரையைத் திருப்பினார். திரையிலும் அதே நிறுத்தம், அதே தண்டவாளம், பின்னால் அதே கோபுரங்கள், எல்லாம் முப்பரிமாணத்தில். தண்டவாளத்தின்மேல் ட்ராமுக்குப் பதிலாக நீளமான நீலப் பெட்டி ஒன்று நின்றிருந்தது. ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த வரிகளில் ஓரிடத்தில் பூஜ்ஜியம் ஒன்றாக மாறியிருந்தது. பூஜ்ஜியம் என்றால் கதவு மூடியிருக்கிறது, ஒன்று என்றால் திறந்திருக்கிறது. ஏறுபவர்கள் ஏறினார்கள். கதவு மூடியது, எண் மீண்டும் பூஜ்ஜியம் ஆனது. ட்ராம் பாசிலா நோக்கி நகர, நீலப் பெட்டியும் ஏறக்குறைய அதே நேரத்தில் நகர்ந்தது.

நண்பருக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பக்கத்து நகரமான எஸ்போவில் மென்பொருள் வேலை. வேலை நேரம் போக, இந்தப் பகுதிக்கு ஒரு டிஜிட்டல் இரட்டையை, அதாவது நிஜ இடத்தோடு சேர்ந்தே மாறும் கணினிப் பிரதியை, பிரவுசரிலேயே ஓடும்படி எழுதிக்கொண்டிருக்கிறார். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் நிரலை எடுத்துத் திருத்தலாம். திரை சொல்வதும் தெரு சொல்வதும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று கூடவே நடந்து பார்க்கலாமா என்று கேட்டேன். உடனே சம்மதித்தார். நிறுத்தத்திலிருந்து கடற்கரை, அங்கிருந்து ஹகானியெமி சந்தைத் திடல் வரை நடப்பதாகத் திட்டம்.

இதற்குக் கலசதாமாவை விடப் பொருத்தமான இடம் கிடைக்காது. இது பழைய துறைமுகப் பகுதி. 2008-இல் சரக்குத் துறைமுகம் கிழக்கே வுவோசாரிக்கு மாறியபின் காலியான நிலத்தில் புதிய குடியிருப்பு எழும்பத் தொடங்கியது. மெட்ரோ நிலையம் அதற்கு ஓராண்டு முன்பே வந்துவிட்டது. ரெடி என்ற வணிக வளாகம் 2018-இல் திறந்தது. அதன்மேல் நிற்கும் மயாக்கா கோபுரத்தின் உயரம் 134 மீட்டர். ட்ராம் தடம் 13 வந்தது 2024 ஆகஸ்டில்தான். ஆண்டுக்கு ஆண்டு முகம் மாறும் இந்த இடத்தையே ஹெல்சின்கி நகராட்சி தன் டிஜிட்டல் இரட்டைத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டது. 2019-இல் அதன் அறிக்கையை வெளியிட்டது. முப்பரிமாண நகர மாதிரியில் கைவைப்பது அவர்களுக்குப் புதிதல்ல, 1980-களிலேயே தொடங்கியவர்கள். இங்கே முக்கியமானது, உருவாக்கிய மாதிரிகளைத் திறந்த தரவாக வெளியிட்டதுதான். யாரிடமும் அனுமதி கேட்காமல் என் நண்பரைப் போன்ற ஒருவர் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அப்படி வெளிவந்தவை இரண்டு வகை. ஒன்று, விமானத்திலிருந்து எடுத்த ஆயிரக்கணக்கான சாய்வுப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தி நெய்த மெஷ். பார்க்க நிஜம் போலவே இருக்கும். மரம், கூரை ஓடு, நிறுத்தியிருக்கும் கார் எல்லாம் தெரியும். ஆனால் ஒரு கட்டடத்தைத் தொட்டு "இது யார்?" என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. அது முழுவதும் ஒரே தோல். எங்கே ஒரு வீடு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்ற அறிவே அதற்கு இல்லை. இன்னொன்று சிட்டிஜிஎம்எல் என்ற தரநிலையில் அமைந்த மாதிரி. அது பார்க்கக் கொஞ்சம் மொட்டையாக இருக்கும். ஆனால் இது கூரை, இது சுவர், இது தரை, இந்தக் கட்டடத்தின் பதிவு எண் இது என்று ஒவ்வொரு பரப்புக்கும் பெயர் உண்டு. எந்தக் கூரையில் எவ்வளவு வெயில் விழும் என்று கணக்கிட வேண்டுமானால் இதுதான் உதவும். முதல் தடவை பார்ப்பவர்கள் எல்லோரும் மெஷ்ஷைக் கண்டு வியக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் இரட்டை என்று சொல்லத் தகுதியானதாகப் பட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கட்டடம் அசையாது. அசைவதைத் தருவது ஹெல்சின்கி வட்டாரப் போக்குவரத்து ஆணையமான ஹெச்.எஸ்.எல். பேருந்து, ட்ராம், மின் ரயில், சுவோமென்லின்னா தீவுக்குப் போகும் படகு எல்லாமே தாம் இருக்கும் இடத்தை, பெரும்பாலும் வினாடிக்கு ஒருமுறை, அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த ஓட்டத்தை ஆணையம் பொதுமக்களுக்கே திறந்துவிட்டிருக்கிறது. பெயர் பதிவு இல்லை, கடவுச்சொல் இல்லை. செய்தி வருவது எம்.க்யூ.டி.டி. என்ற நெறிமுறையில். 1999-இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு வழியாகக் கண்காணிக்க உருவானது அது. ஒவ்வொரு பைட்டுக்கும் காசு கொடுக்க வேண்டிய காலத்தில் பிறந்ததால் மிகச் சிக்கனமானது. அந்தச் சிக்கனம்தான் இன்று ஒரு நகரத்தின் வண்டிகளையெல்லாம் சாதாரண மடிக்கணினியின் பிரவுசருக்குள் கொண்டுவருகிறது.

நண்பர் ஒரு செய்தியைப் பிரித்துக் காட்டினார். தட எண், திசை, வண்டி எண், நேரமுத்திரை, வேகம், முகம் திரும்பியிருக்கும் கோணம், அட்சரேகை, தீர்க்கரேகை, கதவு நிலை, கால அட்டவணையிலிருந்து எத்தனை வினாடி விலகல். இந்த விலகலில் ஒரு நுணுக்கம் உண்டு. எதிர்மறை எண் வந்தால் வண்டி தாமதம், நேர்மறை வந்தால் முன்கூட்டியே ஓடுகிறது. தாமதத்தைக் கூட்டல் குறியோடு நினைத்துப் பழகியவர்கள் ஆவணத்தைப் படிக்காமல் நிறம் தீட்டினால் நகரமே தலைகீழாகத் தெரியும். தாமதமான ட்ராம் பச்சையாகவும் சீக்கிரம் வந்தது சிவப்பாகவும் நிற்கும்.

"இத விட அழகான விஷயம் முகவரிதாண்ணே" என்றார். ஒவ்வொரு செய்தியும் ஒரு நீளமான தலைப்பின்கீழ் வெளியாகிறது. எந்த வகை வண்டி, எந்தத் தடம், அடுத்த நிறுத்தம் எது என்று அடுக்கடுக்காகப் போகும் அந்தத் தலைப்பின் பின்பகுதியில் வண்டி நிற்கும் இடம் இலக்கங்களாகப் பின்னப்பட்டிருக்கிறது. கலசதாமா மெட்ரோ நிலையம் இருப்பது 60.18 பாகை வடக்கு, 24.97 பாகை கிழக்கு. முதலில் முழு எண்களை எழுதுகிறார்கள்: 60;24. பிறகு இரண்டின் முதல் தசம இலக்கங்கள் சேர்ந்து 19. அடுத்த இலக்கங்கள் சேர்ந்து 87. ஆக 60;24/19/87. நம் அஞ்சல் பின்கோடு போலத்தான். இடமிருந்து வலமாக ஒவ்வோர் அடுக்குக்கும் வட்டம் சுருங்குகிறது. இந்த முகவரியை மட்டும் கேட்டுச் சந்தா போட்டால் வடக்கு தெற்காக ஏறக்குறைய 1.1 கிலோமீட்டர், கிழக்கு மேற்காக அதில் பாதி அளவுள்ள ஒரு கட்டத்துக்குள் ஓடும் வண்டிகளின் செய்தி மட்டும் வரும். 60ஆம் பாகையில் தீர்க்கரேகைகள் அவ்வளவு நெருங்கிவிடுகின்றன. நண்பர் திரையை நகர்த்த நகர்த்த, நிரல் பழைய கட்டத்தின் சந்தாவை விட்டுப் புதிய கட்டத்தைக் கேட்கிறது. நகரம் முழுவதும் பேசிக்கொண்டிருக்கிறது, நமக்கு வேண்டிய தெருவை மட்டும் கேட்கலாம்.

இதன் விளைவு பெரியது. நடுவில் அவருக்கென்று ஒரு சர்வரே தேவைப்படவில்லை. பயனர் பிரவுசரே வெப்சாக்கெட் வழியாக நேரடியாக ஆணையத்தின் எம்.க்யூ.டி.டி. சர்வரோடு பேசிக்கொள்கிறது. அவர் பக்கம் இருப்பவை அசையாத கோப்புகள் மட்டும். ஒரு தனிமனிதர் ஓய்வு நேரத்தில் இதைத் தாங்க முடிகிறது என்றால் அதற்கு முதல் காரணம் இந்த முகவரியை யோசித்து வடிவமைத்தவர்கள். நல்ல பொதுத் தரவு என்பது கோப்பைத் தூக்கி வெளியே போடுவது அல்ல. பயன்படுத்துபவர் தோளில் எவ்வளவு பாரம் விழும் என்று முன்கூட்டி நினைத்துப் பார்த்தவர்கள் செய்த வேலை இது.

அடுத்த ட்ராம் வரும்வரை நின்றோம். அது மெட்ரோவும் நெடுஞ்சாலையும் போகும் பாலத்தை நெருங்கும்போது திரையில் வழக்கமான இடச்செய்திகளுக்கு நடுவே வேறொரு வகைச் செய்தி எட்டிப் பார்த்தது. சிக்னலிடம் ட்ராம் கேட்கும் வழிவேண்டல் அது. உடனே சிக்னலின் பதிலும் இன்னொரு செய்தியாக வந்தது. தெருவில் நிமிர்ந்து பார்த்தேன். ட்ராம் வேகம் குறையாமல் சந்திப்பைக் கடந்து போனது. ஒரு வண்டியும் ஒரு விளக்குக் கம்பமும் பேசிக்கொண்டதைத் தெருவோரத்தில் நின்று படிக்க முடிந்தது. பாலத்தடியில் வண்டி புகுந்தபோது, இடம் எப்படி அறியப்பட்டது என்று சொல்லும் புலத்தில் ஜி.பி.எஸ். போய் ஓடோமீட்டர் என்ற குறி வந்தது. வானம் மறைந்ததும் சக்கரம் சுற்றிய கணக்கை வைத்து இடத்தைச் சொல்கிறது. எனக்கு எப்படித் தெரியும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. இந்த ஒரு புலத்துக்காகவே அந்த வடிவமைப்பாளர்களைப் பாராட்டலாம் என்று தோன்றியது.

கரைக்கு வந்தோம். காற்று பலமாக அடித்தது. முஸ்திக்கமா தீவுக்குப் போகும் இசோஇசன் பாலம் எதிரே. தென்மேற்கே திரும்பினால் ஹனசாரி அனல்மின் நிலையம். நண்பர் திரையை மெஷ்ஷுக்கு மாற்றினார். ஒரு நொடியில் நாங்கள் வேறு ஆண்டில் நின்றோம்.

அந்த மெஷ் 2017-இன் படங்களிலிருந்து உருவானது. அதில் மயாக்கா கோபுரம் முழு உயரம் எட்டவில்லை. இப்போது குழந்தைகள் விளையாடும் இடங்கள் வெறும் மண்ணாகக் கிடக்கின்றன. நாங்கள் சற்றுமுன் பார்த்த ட்ராம் தண்டவாளமே இல்லை. ஆகவே இந்த மாதிரியில் 13ஆம் எண் ட்ராம் கட்டுமான மண்ணின்மேல் ஓடுகிறது. கொர்கெயாசாரியிலிருந்து லாயாசலோ பக்கம் போகும், 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள க்ரூனுவுவோரி பாலத்தின் இடத்தில் வெறும் கடல். ஹனசாரி நிலையம் 2023 ஏப்ரலில் மூடப்பட்டது. மெஷ்ஷில் அது இன்னும் நிலக்கரி எரிக்கும் காலத்தில் இருக்கிறது.

இங்கேதான் "நிகழ்நேரம்" என்ற சொல்லை நான் கூர்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. இந்த ஒரே திரையில் ட்ராமின் வயது ஒரு வினாடி. காற்றின் வயது பத்து நிமிடம். பின்லாந்து வானிலை ஆய்வு நிறுவனம் 2013-இலிருந்து தன் தரவைத் திறந்துவைத்திருக்கிறது. இங்கிருந்து அருகில் இருக்கும் அதன் நிலையம் கைசனியெமியில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு வருகிறது. அங்கே பூங்காவில் அளந்த காற்று, கோபுரங்களுக்கு நடுவே நாங்கள் நின்ற இடத்தின் காற்று ஆகாது. இரண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று கிலோமீட்டர் தூரமும் இருக்கிறது. கட்டடங்களின் வயதோ ஆண்டுக்கணக்கு. இத்தனையும் ஒரே மாதிரி பளிச்சென்று தெரிகின்றன. நகரும் ட்ராமைப் பார்த்த கண், சுற்றியிருப்பவை எல்லாமும் இப்போதைய நிலைதான் என்று நம்பிவிடுகிறது. தகவல் பிழையாக இருப்பதை விட இது ஆபத்தானது, ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் தனித்தனியே சரியாகவே இருக்கிறது.

"இத எப்படித் தீர்க்கறது?" என்று கேட்டேன்.

"தீர்க்க முடியாதுண்ணே. விமானம் தினமும் பறக்காது. ஆனா சொல்லிடலாம்ல?" என்றார். ஒவ்வொரு பொருளோடும் அதன் தேதியைச் சேர்த்துக் காட்டும் வேலையைத் தொடங்கியிருக்கிறார். கட்டடத்தைத் தொட்டால் எந்த ஆண்டுப் படத்திலிருந்து வந்தது என்று வரும். அடுக்கு பழையதாகப் பழையதாக நிறம் வெளிறும். பளபளப்பு போய்விடுமே என்று சிலர் வருத்தப்பட்டார்களாம். நான் அவர் பக்கம். ஒரு நகர மாதிரியை நம்பி ஒருவர் சக்கர நாற்காலியில் போகும் வழியைத் தேடலாம், தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று இன்னொருவர் பார்க்கலாம். அவர்களுக்கு அழகை விட வயது முக்கியம்.

கரையோரமாக நடந்துகொண்டே அவர் இன்னொரு கதை சொன்னார். முதன்முதலில் நகராட்சி மாதிரியை எடுத்துப் பூகோளத்தின்மேல் வைத்தபோது கட்டடங்கள் எல்லாம் தரைக்குள் புதைந்தன. ஐந்தாறு மாடி முழுசாகக் காணோம். காரணம் உயரக் கணக்கு. நகராட்சி பயன்படுத்தும் என்2000 முறை கடல்மட்டத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர் பயன்படுத்தும் சீசியம்ஜேஎஸ் நிரலகமோ பூமியை வழவழப்பான நீள்வட்டக் கோளமாக வைத்து அதிலிருந்து உயரத்தை அளக்கிறது. ஹெல்சின்கியில் இரண்டுக்கும் வித்தியாசம் 17, 18 மீட்டர் அளவில் வரும். பூமியின் ஈர்ப்பு எல்லா இடத்திலும் சமமாக இல்லாததால் கடல்மட்டம் என்பதே மேடு பள்ளமான ஒரு பரப்பு. ப்ராஜ் என்ற திறமூல நிரலகத்தில் பின்லாந்துக்கான திருத்தக் கட்டம் ஏற்கெனவே இருந்தது. அதைச் சேர்த்ததும் நகரம் எழுந்து நின்றது.

இது நம் பக்கத்து ஆட்களுக்கு இன்னும் பெரிய சிக்கல். உலகத்திலேயே இந்தப் பரப்பு மிக ஆழமாகக் குழிந்திருப்பது இந்தியாவுக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலில். அங்கே குழி 100 மீட்டரைத் தாண்டுகிறது. அதன் சரிவில்தான் தமிழகமும் இலங்கையும் இருக்கின்றன. திருத்தம் செய்யாமல் சென்னையை இதே பூகோளத்தில் வைத்தால் கட்டடங்கள் புதையாது, 80 மீட்டருக்கும் மேல் அந்தரத்தில் மிதக்கும். இதையெல்லாம் எந்த விளம்பரப் படத்திலும் காட்டமாட்டார்கள். ஆனால் டிஜிட்டல் இரட்டை உருவாக்குபவரின் நாட்களில் பெரும்பகுதி இத்தகைய வேலையில்தான் போகிறது. அதோடு பின்லாந்தில் இன்னொன்றும் உண்டு. பனியுகத்தின் பாரம் இறங்கியபின் நிலம் இன்னும் மேலெழுந்துகொண்டே இருக்கிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். அதனால்தான் உயர முறையின் பெயரிலேயே ஆண்டு இருக்கிறது.

சுவிலாத்தியின் பழைய எரிவாயுத் தொட்டிகளைக் கடக்கும்போது பேச்சு மென்பொருள் உரிமங்களுக்குத் திரும்பியது. அவருடைய தளத்தில் அவர் எழுதிய பகுதி சிறிது, எடுத்துக்கொண்டது அதிகம். கட்டடத் தரவு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், ம்யூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் வளர்த்த 3டிசிட்டிடிபி என்ற அமைப்புக்குள் இருக்கிறது. அங்கிருந்து 3டி டைல்ஸ் என்ற வடிவில் துண்டுதுண்டாக வெட்டப்படுகிறது. அருகில் இருப்பது நுணுக்கமாகவும் தொலைவில் இருப்பது கரடுமுரடாகவும் தேவைக்கேற்பப் பிரவுசருக்குப் போகும். காட்டுவது சீசியம்ஜேஎஸ். அது 2011-இல் விண்வெளிப் பொருள்களைப் பின்தொடரும் மென்பொருள் செய்த ஒரு நிறுவனத்தில் தொடங்கியது. நகரும் பொருளும் காலமும் அதன் அடிப்படையிலேயே இருப்பதற்கு அந்தப் பிறப்புதான் காரணம். 2024-இல் பென்ட்லி என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் அதை வாங்கிவிட்டது.

"அப்ப ஒருநாள் பூட்டிட்டாங்கன்னா?" என்றேன்.

அவருக்கு அந்தப் பயம் இல்லை. இதுவரை அப்பாச்சி உரிமத்தில் வெளியான நிரலை யாரும் திரும்பப் பெற முடியாது. நடந்த உதாரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் நிறுவனம் தன் வரைபட நிரலகத்தின் அடுத்த பதிப்பைத் திறமூலமாக வெளியிடாமல் உரிமத்தை மாற்றியது. பயன்படுத்தியவர்கள் கடைசித் திறந்த பதிப்பை எடுத்துக்கொண்டு மேப்லிப்ரே என்று தனியே வளர்த்தார்கள். இன்று அது வலுவாக நிற்கிறது.

இதில் என் கவலை வேறு இடத்தில். நிரல் மூடினால் கிளை பிரிக்கலாம். ஆனால் ட்ராமின் செய்தி ஓட்டம் நின்றால் யாராலும் கிளை பிரிக்க முடியாது. ஆணையம் ஒரு காலையில் அதை நிறுத்தினால் நண்பரின் நகரத்தில் எல்லா வண்டிகளும் அப்படியே உறைந்துபோகும். திறமூலம் என்று பேசும்போது பலர் நிரலோடு நின்றுவிடுகிறார்கள். இந்த நகரத்தில் நான் பார்த்தது, உயிர் முழுவதும் பொது அமைப்புகளின் கையில் இருப்பதை: ஹெச்.எஸ்.எல்., வானிலை நிறுவனம், பின்லாந்து வளைகுடாவில் போகும் கப்பல்களின் இடத்தை இதே எம்.க்யூ.டி.டி. வழியாகத் தரும் ஃபின்டிராஃபிக், வரைபடத்தைத் தரும் நகராட்சி. இவர்கள் ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்துவைக்கச் சம்மதிப்பதால்தான் அந்தத் திரையில் ஏதாவது நகர்கிறது. நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் எங்கும் கிடைப்பார்கள். தினமும் தரவைத் தரும் பொது அலுவலகம்தான் அரிது.

சென்னைக்காரர்களுக்கு இது தெரிந்த கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தன்னார்வலர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின்மேல் ஒரு வலை வரைபடத்தைச் சட்டென்று உருவாக்கினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது வெள்ளம் சூழ்ந்த தெருவாகக் குறிக்கப்படும். ஆயிரக்கணக்கான தெருக்கள் அப்படிக் குறிக்கப்பட்டன. மக்களின் விரல்களே அங்கே உணரிகள். நிரல் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், வரைபடம் இருந்தது. நீர்மட்டத்தை நிமிடத்துக்கு நிமிடம் பிரவுசருக்கு அனுப்பும் திறந்த ஓட்டம் ஒன்று கூடவே இருந்திருந்தால் அந்த வரைபடம் எவ்வளவு முன்கூட்டியே பேசியிருக்கும் என்று சுவிலாத்தியின் ஓரத்தில் நடந்துகொண்டே நினைத்தேன். அந்த இழப்பு எனக்கு இன்றும் கோபமூட்டுகிறது.

நல்ல நிரல் ஊர் தாண்டிப் போகும் என்பதற்கு இதே நகரத்தில் சான்று உண்டு. பயணத் திட்டம் சொல்லும் டிஜிட்ரான்சிட் என்ற தளத்தை ஹெச்.எஸ்.எல். திறமூலமாகத்தான் வளர்த்தது. அதன் வயிற்றில் இருப்பது அமெரிக்காவின் போர்ட்லாண்டில் 2009-இல் தொடங்கிய ஓப்பன்டிரிப்பிளானர். டிஜிட்ரான்சிட்டை ஜெர்மனியின் ஹெரன்பெர்க் என்ற சிறு நகரம் எடுத்து, வாகன நிறுத்தத்தில் காலியிடம், மின்வாகன நிலையம் போன்றவற்றைச் சேர்த்துத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. தலைநகரம் செலவழித்து எழுதியதைச் சின்ன ஊர் கடன் வாங்காமல் பெற்றுக்கொண்டது. பொதுப் பணத்தில் எழுதப்படும் மென்பொருள் எல்லாம் இப்படித்தான் வெளியே வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஹகானியெமி சந்தைத் திடலில் உட்கார்ந்தோம். இங்கே ட்ராம்கள் அடிக்கடி வருகின்றன. நான் திரையையும் தெருவையும் மாறிமாறிப் பார்த்தேன். திரையில் வண்டி சற்றுப் பிந்தியே வருகிறது. அது பிழை இல்லை, தெரிந்தே செய்தது. செய்தி வினாடிக்கு ஒன்று, அதுவும் சீராக வராது. வந்தவுடன் காட்டினால் பெட்டி தத்தித் தத்தித் தாவும். ஆகவே இரண்டு மூன்று வினாடி பின்தங்கி நின்று, கையில் இருக்கும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வழுவழுப்பாக ஓட்டுகிறார். செய்தி வராவிட்டால் என்ன செய்வது என்பது கடினமான கேள்வி. சீசியத்தில் மூன்று வழி உண்டு: பொருளை மறைத்துவிடலாம், கடைசியாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தலாம், அதே வேகத்தில் போயிருக்கும் என்று ஊகித்து ஓட்டிக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது பார்க்க அழகு. நிறுத்தத்தில் நிற்கும் ட்ராமைக்கூட அது சந்திப்பைத் தாண்டி ஓட்டிவிடும். நண்பர் கடைசி இடத்தில் நிறுத்திவைத்து, பத்து வினாடி கடந்தால் மங்கலாக்கி, ஒரு நிமிடம் கடந்தால் எடுத்துவிடுகிறார். கூடவே "கடைசியாகத் தெரிந்தது" என்று நேரத்தையும் எழுதுகிறார்.

ஓட்டுநரைப் பற்றிக் கேட்டேன். வண்டி எண்ணும் இயக்கும் நிறுவனத்தின் எண்ணும் வருகின்றன, ஓட்டுநரின் பெயர் வருவதில்லை. ஆனால் குறிப்பிட்ட நேரத்தில் குறிப்பிட்ட வண்டியை ஓட்டியவர் யார் என்று உடன் வேலை செய்பவருக்குத் தெரிந்திருக்கும். இதை மனதில் வைத்து, ஒரு வண்டியின் முந்தைய நாள் ஓட்டங்களைத் தேடும் வசதியை அவர் சேர்க்கவே இல்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள். தடத்தின் தாமதம் பொது விஷயம், ஒரு மனிதரின் வேலைநாள் அப்படி அல்ல என்று மறுத்துவிட்டார்.

எழும் நேரத்தில் அவர் மடிக்கணினியில் புதிதாக ஒரு வேலைக்குறிப்பு எழுதினார். மெஷ்ஷின் மேல் ஓடும் ட்ராமுக்கு அடியில் தண்டவாளம் இல்லாத இடங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: ஹெச்.எஸ்.எல். தரும் தடக்கோடும் 2017-இன் தரையும் முரண்படும் ஒவ்வொரு துண்டையும் நிரலே பட்டியலிட்டு, "இங்கே மாதிரி தெருவை விடப் பழையது" என்று நிறம் தீட்ட வேண்டும். யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம் என்று அதன்கீழ் ஒரு குறி போட்டார். முதல் பதிவாக, நாங்கள் காலையில் நின்ற நிறுத்தத்துக்கும் சோம்பசாரிக்கும் இடைப்பட்ட பாதையின் ஆள்கூறுகளைக் கொடுத்தார். அடுத்த துண்டை நான் ஹெர்மன்னி கடற்கரைச் சாலையில் நடந்து சரிபார்த்துத் தருவதாகச் சொன்னேன்.